எரல் வாங்கிய கல்யாணப் புத்தகங்கள்

எரல் மெட்வினுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. வின்யார்ட் என்ற எங்கள் சின்ன ஊரைச் சுற்றியுள்ள மண் ரோடுகளை மட்டப்படுத்தும் வண்டியை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறான். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். பேச்சு மட்டும் ஆழாக்கு அளவுதான். அவன் விரல் நுனிகள் எப்போதும் பழுப்பேறிக் கிடக்கும். ஊரில் பாதிப் பேர் அதைச் சிகரெட் கறை என்று நினைத்திருந்தார்கள். டாக்டர்கூட வருஷா வருஷம் புகைப்பதை விடச் சொல்லி அவனுக்கு உபதேசம் செய்வார். அவன் வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடித்ததில்லை. ஆனால் அதைச் சொல்லப்போனால் பேச்சு நீளுமே என்று, விட்டுவிடுவதாக டாக்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான்.

இதுதான் எரல். பேச்சு தன் பக்கம் திரும்பினால் அந்த இடத்தில் இருக்கமாட்டான். அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளை ஊர்க் கால்பந்துக்காரர்களின் ஃபுட்டி கிளப்பில் கொண்டாடினோம். கேக் வெட்டியதும் நாலு வார்த்தை பேசு என்றார்கள். ஜெனரேட்டர் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். திரும்பி வரவில்லை. அன்றைக்குக் கிளப்பில் ஜெனரேட்டரே ஓடவில்லை, கரண்ட் இருந்தது.

ஆனால் அவன் கைவேலை இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு. மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு மின்வேலி சோதிக்கும் சின்னப் பெட்டி செய்து தருவான். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் மணி, பௌலிங் கிளப்பின் ஸ்கோர் விளக்கு, என் கடைக் கதவு திறந்தால் பின்கட்டில் எரியும் பல்பு, எல்லாம் அவன் செய்தவை. கூலி வாங்கமாட்டான். யாராவது ஒரு மூட்டை உருளைக்கிழங்கை அவன் வாசலில் வைத்துவிட்டுப் போனால் எடுத்துக்கொள்வான். இவற்றுக்குள்ளே இருக்கும் சர்க்யூட் தகடுகளை எங்கிருந்தோ தபாலில் வரவழைக்கிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் வீட்டுக்குள் யாரும் போனதில்லை, அவன் யாரையும் கூப்பிட்டதுமில்லை.

நான் இந்த ஊரில் பத்தொன்பது வருஷமாகப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். தபால் பார்சல்களும் என் கடைக்குத்தான் வரும். நந்தகோபால் என்ற என் பெயரை முதல் வாரத்திலேயே நந்து என்று வெட்டிவிட்டார்கள். எனக்கு ஒரு குறை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். மே மாதம் மழை பிடித்துவிட்டால் கடைக்கு ஆள் வரமாட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரிடம் எதையாவது பேசாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். இந்தக் கதையில் நடந்த கெடுதல் அத்தனைக்கும் என் வாய்தான் காரணம்.

அந்த மே மாதம் எரல் கடைக்கு வந்தான். வழக்கமாக எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்கு வருபவன், அன்றைக்குப் பெண்கள் பத்திரிகை வரிசையில் போய் நின்றான். ஒவ்வொன்றாக எடுத்தான். நடுப்பக்கத்தை விரித்தான். பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். ஒரு சமையல் புத்தகத்தின் ஓரத்தை முகர்ந்துகூடப் பார்த்தான். படத்திலிருந்த ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனையை எதிர்பார்த்தானோ என்னவோ. கால்மணி நேரம் கழித்துக் கல்லாவில் கொண்டுவந்து வைத்தது, மணப்பெண்களுக்கான புத்தகம். வழுவழுவென்ற தாள், அட்டையில் வெள்ளை உடையில் ஒரு பெண். அதிலும் ஒன்றில்லை, இரண்டு.

"ஒண்ணு போதாதா எரல்?" என்று கேட்டேன்.

"முதல் தடவை எப்பவும் சொதப்பும் மேட். கையில இன்னொண்ணு இருக்கிறது நல்லது," என்றான். நண்பா என்பதை இங்கே மேட் என்பார்கள். வேறு எதுவும் சொல்லாமல் அவற்றை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

இதை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? மறுநாள் காலை வொண்டா விக் குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்க வந்தாள். வொண்டா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எரலைவிட ஒரு வயது சின்னவள். கணவர் இறந்து பத்து வருஷமாகிறது. அவள் வீட்டு ஃப்ரீசரை ரிப்பேர் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எரல் போனான், சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள், சாப்பிட்டான். அடுத்த ஞாயிறும் போனான். அன்று தொடங்கி ஒன்பது வருஷமாக ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு அவள் வீட்டில் ஆட்டுத்தொடை ரோஸ்ட், வாட்டிய பூசணி, புதினாச் சட்னி. சாப்பிட்டதும் அவன் பாத்திரம் கழுவுவான், அவள் குறுக்கெழுத்து போடுவாள். நாலு மணிக்குக் கிளம்பிவிடுவான். ஊர் முதல் வருஷம் இதைப் பற்றிப் பேசியது. அடுத்த கட்டம் எதுவும் வராததால் சலித்துப்போய் விட்டுவிட்டது. இந்தச் செய்தி வொண்டாவைத் தொடும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவளுக்கு அவன் பழைய சிநேகிதன், சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. எடுத்த குறுக்கெழுத்துப் புத்தகத்தைக் கல்லாமேல் திரும்ப வைத்தாள். பிறகு, எரல் மாதம் தவறாமல் தன்னிடம் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்குகிறான், பெயிண்ட் துடைக்க என்று நினைத்திருந்ததாகச் சொன்னாள். உடனே எனக்கு, அவன் பழைய சாமான் கடையில் ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கியதாகக் கேள்விப்பட்டது நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடிலெய்டிலிருந்து அவனுக்கு வாராவாரம் சின்னச் சின்னப் பார்சல்கள் வருகின்றன, அனுப்புபவர் பெயர் லொரெய்ன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி, கல்யாணத்தை நானே நிச்சயம் செய்து வைத்தேன்.

"நல்லது. அவன் நல்லா இருக்கட்டும்," என்றாள் வொண்டா. புத்தகத்தை வாங்காமலே போனாள்.

இதற்குப் பிறகு நாலாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை எரல் கடைக்கு வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றான். எதையும் எடுக்கவில்லை. வொண்டாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். தினமும் மருந்துக் கடைக்குப் போகிறாளே, நன்றாகத்தானே இருக்கிறாள் என்றேன்.

"முதல் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா. ரெண்டாவது வாரமும் ஆள் வர்றாங்கன்னா. மூணாவது வாரம் தலைவலின்னா. நான் என்னமோ தப்பா நடந்துக்கிட்டேன் நந்து. என்னன்னுதான் தெரியல," என்றான். பத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் பேசியதிலேயே அதுதான் நீளம்.

கல்யாணப் பெண் யார் என்று கேட்டேன். எந்தக் கல்யாணம் என்றான். புத்தகத்தைச் சொன்னேன். அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் காது மடல்வரை சிவந்துபோனான்.

"அது பேப்பருக்காக மேட். தகடெல்லாம் நானே செய்யறது. சர்க்யூட்டை அந்த மாதிரி வழவழப்பான பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, செம்புத் தகட்டு மேல கவுத்து வெச்சு, இஸ்திரிப் பெட்டியால அழுத்தணும். மை உருகிச் செம்புல ஒட்டிக்கும். தண்ணில ஊற வெச்சா பேப்பர் நைஞ்சு வந்துரும், மை மட்டும் நிக்கும். மட்டமான பேப்பரா இருந்தா மையையும் சேத்து உரிச்சிரும். வீடு விக்கிறவங்க சும்மா போடற புத்தகம் இருந்துச்சே, அதுதான் இத்தன வருஷமா. அவங்க இப்ப மலிவுப் பேப்பருக்கு மாறிட்டாங்க. உன் கடையிலயே கல்யாணப் புத்தகந்தான் நல்ல பேப்பர்."

நெயில் பாலிஷ் ரிமூவர்? கடைசியில் அந்த மையைத் துடைக்க. லொரெய்ன்? அடிலெய்டில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் விற்கிற அம்மாள், எழுபத்தி மூன்று வயது, மூட்டுவலிக்காரி. இரண்டு புத்தகம்? முதல் தகடு எப்பவும் சொதப்பும் என்று சொன்னேனே என்றான்.

நான் செய்த காரியத்தை அப்போதே அவனிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. நீ போய் வொண்டாவிடம் விஷயத்தைச் சொல் என்றேன். அவன் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தான். எப்படிப் போய்ச் சொல்வது, நான் யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று ஒரு பெண்பிள்ளையிடம் போய் நிற்க முடியுமா என்றான். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட வேலை ஒன்று இருக்கிறது, அதை முடித்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன் என்றும் சொன்னான். குவால் என்ற காட்டுப்பூனை மாதிரிப் பிராணி வந்து அவளுடைய நாலு கோழிகளைக் கொன்றுவிட்டதாம். இருட்டினால் தானே சாத்திக்கொள்ளும் கதவு ஒன்றைக் கோழிக்கூண்டுக்குச் செய்து தருவதாக ஏப்ரலில் சொல்லியிருந்தான். நாளை மத்தியானம் அதற்கான தகட்டைச் செய்யப்போகிறானாம். கதவு வந்துவிடும், ஆனால் அவன் இனி அந்த வீட்டு மேஜையில் உட்காரமாட்டான் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு மனிதனுடைய ஞாயிற்றுக்கிழமையை நான் வாயாலேயே பிடுங்கிவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மனைவி விசாலி எனக்கு ரசம் ஊற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஊர் கல்யாணத்தையெல்லாம் உங்களை யார் முடிச்சு வைக்கச் சொன்னா? காலையில முதல் வேலையா அந்தப் பொண்ணுகிட்டப் போய் நில்லுங்க. அது வரைக்கும் இந்த வீட்ல யார் கதையும் பேசக்கூடாது," என்றாள்.

சனிக்கிழமை காலை மருந்துக் கடை திறந்ததும் போய் நின்றேன். வொண்டா இருமல் மருந்துப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர், இஸ்திரி, மூட்டுவலிக்காரி லொரெய்ன் எதையும் விடவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"பேப்பருக்காகக் கல்யாணப் புத்தகம். நந்து, எனக்கு அறுபது ஆகப்போகுது, ஆறு இல்ல," என்றாள்.

சத்தியம் செய்தேன். அவள் பாட்டில்களைத் திரும்பவும் அடுக்கினாள். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"அவன் யாரை வேணும்னாலும் கட்டிக்கட்டும். எனக்கு அதுல ஒண்ணுமில்ல. நான் கறி வெட்டிட்டு இருக்கும்போது, பூசணியை மென்னுக்கிட்டே அவன் அதைச் சொல்லுவான், நான் சிரிச்ச முகமா உக்காந்து கேக்கணும். அதுதான் என்னால முடியாது. அதனாலதான் வராதேன்னேன்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இருமல் மருந்தின் லேபிளைப் படித்தேன்.

கண்ணால் பார்த்தால் நம்புவாய் அல்லவா, மத்தியானம் என்னோடு வா என்றேன். அவன் வீட்டுக்கா, அவன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லையே என்றாள். அவன் கூப்பிடமாட்டான், நாம்தான் போகவேண்டும் என்றேன். மருந்துக் கடை பன்னிரண்டரைக்கு மூடியது. கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் ஒரு நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலும் இருந்தது. வெறுங்கையோடு போக அவளுக்குத் தயக்கம் என்று புரிந்துகொண்டேன்.

எரல் பின்பக்கம் துணி துவைக்கும் அறையில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் முதலில் துவைக்கும் தொட்டியைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றான். ஏன் என்று உடனே தெரிந்தது. தொட்டி முழுக்கப் பழுப்புக் கறை. சுவரில், தரையில், அவன் பனியனில், துண்டில் எல்லாம் அதே கறை. நாற்பது வருஷத்துக் கறை. ஒன்பது வருஷமாக வொண்டாவை அவன் வீட்டுக்குக் கூப்பிடாத காரணம் அந்தத் தொட்டிதான்.

வொண்டா கறையைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்த கல்யாணப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினாள். பக்கங்களில் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்திருந்தான். எங்கே பார்த்தாலும் உடை மட்டும் இருந்தது. "ஒரு பொண்ணுக்கும் தலையக் காணோமே எரல்," என்றாள். அவன் ஏதோ முனகினான்.

நல்லவேளையாகத் தொட்டி நீரில் தகடு ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது, பாதியில் விடமுடியாது. அவன் கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்க, தாள் நூல் நூலாக நைந்து வந்தது. ஒரு மணப்பெண்ணின் முகத்திரை தண்ணீரில் கரைந்து மிதந்தது. அடியில் பளபளத்த செம்பின்மேல் கறுப்புக் கோடுகள் தெரிந்தன, முடிபோல மெல்லியவை, ஒன்றுகூட அறுபடவில்லை. ஓரத்தைத் தேய்த்தபோது சின்ன எழுத்துகள் வந்தன. யாருக்காகச் செய்கிறானோ அவர்கள் பெயரைத் தகட்டின் மூலையில் போடுவது அவன் வழக்கமாம். மூலையில் வொண்டா என்று இருந்தது, பக்கத்தில் அந்த வருஷம். அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது அரிக்கும் வேலை. டிகாஷன் நிறத்துத் திரவம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் இருந்தது; அவன் விரல்முதல் சுவர்வரை இருந்த கறைக்கெல்லாம் அதுதான் காரணம். தட்டுக்கு அடியில் வெந்நீர். தகட்டை அதில் இறக்கிவிட்டால், மை இருக்கும் இடம் தப்பிக்கும், மற்ற இடத்துச் செம்பு கரைந்துபோகும். ஆனால் தட்டை விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் ஒரு பக்கம் கரைந்து ஒரு பக்கம் நிற்கும். எடுக்கத் தாமதித்தாலும் மைக்கு அடியில் புகுந்து தின்றுவிடும். எவ்வளவு நேரம் ஆட்டவேண்டும் என்று வொண்டா கேட்டாள். இருபது நிமிஷம், நடுவில் எங்கேயும் போகமுடியாது என்றான். தகட்டை இறக்கி, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து ஆட்டத் தொடங்கினான்.

வொண்டா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவனெதிரில் உட்கார்ந்தாள். கோட்டுப் பொத்தானை அவிழ்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நந்து, உன் கடைய யாரு பாத்துக்கறா?"

வெளியே வந்தேன். கடைக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பின்படியில், ஜன்னலுக்குக் கீழே நின்றேன். இவ்வளவு கெடுதல் செய்தவனுக்கு முடிவு தெரியவேண்டாமா?

உள்ளே தட்டில் திரவம் அலம்பும் சத்தம் கேட்டது.

"சரி, யாரையும் கட்டிக்கப் போறதில்ல. அது புரிஞ்சுது," என்றாள் வொண்டா. "ஒம்போது வருஷமா என் வீட்ல சாப்பிடற. என்னை ஏன் ஒரு தடவகூடக் கேக்கல?"

தட்டு அலம்பிக்கொண்டே இருந்தது. வேறு இடமாக இருந்தால் எரல் இந்நேரம் இல்லாத ஜெனரேட்டரைத் தேடிப் போயிருப்பான். இரண்டு கையும் தட்டில் மாட்டிக்கொண்டிருந்தன. நிமிஷங்கள் போயின. எனக்குப் படியில் கால் மரத்துவிட்டது.

"கேட்டு, நீ மாட்டேன்னுட்டா, ஞாயித்துக்கிழமையும் போயிருமே," என்றான்.

"கேக்காமலே மூணு ஞாயித்துக்கிழமை போயிருச்சே எரல்."

அலம்பும் சத்தம் நின்றது. திரும்பத் தொடங்கும் என்று காத்திருந்தேன். தொடங்கவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்பது எனக்கே அசிங்கமாகப் பட்டது. சத்தமில்லாமல் வேலியைச் சுற்றி வெளியேறினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை, ரோட்டு வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு எரல் உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தான். செம்பு என்று ஒரு பொட்டுகூட இல்லை. கோடும் இல்லை, மூலையிலிருந்த பெயரும் இல்லை. வெறும் மஞ்சள் தகடு, பின்னால் கை வைத்தால் நிழல் தெரிந்தது. நாற்பது வருஷத்தில் இப்படி ஒன்று அவன் கையில் ஆனதில்லை என்றான். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"இருபது நிமிஷந்தானே? எவ்வளவு நேரம் விட்டே?" என்று கேட்டேன்.

காது மடல்வரை சிவந்தான். ஆனால் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, வண்டிக்கும் போகவில்லை. கல்லாவில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு என் முன்னாலேயே நின்றான்.

"ஞாயித்துக்கிழமை காலையிலதான் மேட் ஞாபகமே வந்துச்சு," என்றான்.